தாய்மாமனுக்குப் போட்ட துண்டு

என் வீட்டுக்காரர் திருடர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் என்று சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எவ்வளவு சுருட்டினார் என்று கேட்காமல் கேட்கிற சிரிப்பு அது. அவர் எதையும் சுருட்டவில்லை. எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்ததும் தெருவிளக்கு எரிந்ததும் அவர் காலத்தில்தான். அவர் கெடுத்தது வேறு. அதற்கு ஆடிட்டும் கிடையாது, அதன் மேல் வழக்கும் போட முடியாது. எனக்குக் கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று. அலுப்புதான் தீரவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். பிறந்தது ஏரிக்கரைத் தெரு, வாக்கப்பட்டது கோயில் தெரு. இரண்டு தெருவிலும் எங்கள் ஆட்களே, பங்காளியும் மாமன் மச்சானுமாக. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அம்மா வீடு என்று எனக்கு மிஞ்சியது ஒரே ஓர் அண்ணன். தோட்டத்திலிருந்து திரும்பும்போது எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "என்ன பாப்பா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவான். வேறு ஒன்றும் பேச மாட்டான். எனக்குப் பேரன் பேத்தி எடுக்கிற வயது வந்தாலும் நான் அவனுக்குப் பாப்பாதான். அந்த ஒரு சைக்கிள் என் வாசலில் நிற்க வேண்டும், அது போதும் என்றுதான் நான் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், வெகுகாலமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தப்போவதாக அறிவித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நிற்கிற ஆசையே இல்லை. தள்ளிவிட்டவன் என் அண்ணன்.

"நீங்க நில்லுங்க மாப்ள. கட்சிக்காரன் எவனாவது வந்து உக்காந்துட்டா அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்க முடியாது. உங்கள நாங்க கேக்கலாம்."

இதைத்தான் சொன்னான். கேட்கலாம் என்பதற்காகவே ஒருவரை நிறுத்தினார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இவருக்குக் கிடைத்தது பூட்டு. அண்ணன் எங்கள் களத்துக் கதவிலிருந்த பெரிய பூட்டைக் கழற்றிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். "சாவி எங்கடா?" என்று பெண்கள் கேலி பண்ணினார்கள். "சாவி உங்க கையிலதான் ஆத்தா" என்று சிரித்தான். ஜெயித்த அன்று இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவும் சுற்றி வந்தவனும் அவனே. கீழே இறக்கிவிட்டபோது அண்ணனின் சட்டை முழுக்க இவர் மாலையிலிருந்து உதிர்ந்த பூ.

முதல் கூட்டம் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் நடந்தது. எங்கள் ஊரில் கூட்டம் என்றால் யாரும் யாரையும் கேட்கலாம். குந்தி உட்கார்ந்தபடியே கேட்கலாம், எழுந்து நிற்க வேண்டியது பதில் சொல்கிறவர். அதுதான் வழக்கம். சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர், மிளகாய் நாற்று நட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க தலைவரே, எங்க பக்கம் மட்டும் குழாயில காத்துதான் வருது, தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார். ஊரே சிரித்தது. இவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, மோட்டார் பழுது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்று பதில் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. தலைவர் வேலை என்பதே இப்படி எழுந்து நிற்கிறதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எது எப்போது மாறியது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பால் திரிவதை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? முதலில் மரத்தடிக்கு ஒரு நாற்காலி வந்தது. இவருக்கு முதுகுவலி என்று நான்தான் கொடுத்தனுப்பினேன். பிறகு ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர் பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தார். யூனியன் ஆபீசில் காரியம் நடக்க வேண்டுமென்றால் கட்சி தயவு வேண்டும் என்று இவர் சொன்னார். அதிலும் பொய் இல்லை. நல்லதுக்காகத்தான் சேர்ந்தார். அடுத்த மாதமே கரை வேட்டி வந்துவிட்டது. சலவைக்காரர் அதை வெளுத்துக் கொண்டுவந்து துணிக்கொடியில் காயப்போட்டபோது, எங்கள் வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

ஏரிக்கரைத் தெருவின் கடைசிக்கென்று ஓர் அடிபம்பு ஒதுக்கினார்கள். அதைக் கொண்டுபோய்க் கோயில் தெருவில், கிளைச் செயலாளர் வீட்டெதிரில் இறக்கினார்கள். அடுத்த கூட்டத்தில் என் அண்ணன் கேட்டான். சண்டையாகக் கேட்கவில்லை. சோளத்தட்டை மென்றபடி சாதாரணமாகத்தான் கேட்டான்.

"என்னாங்க மாப்ள, எங்க தெருவுக்கு வந்த பம்பு வழி தெரியாம இங்க நின்னுடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "இத உங்கள யாரு கேக்கச் சொன்னா மச்சான்?" என்றார்.

அந்த இடத்தில் நான் இருந்தேன். அண்ணனுக்கு முதலில் அது புரியவே இல்லை. தனக்குத் தோன்றியதைத் தானே கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவனிடம், உன்னை அனுப்பியது யார் என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? பேந்தப் பேந்த விழித்தான். வாயிலிருந்த சக்கையைத் துப்பிவிட்டு எழுந்து போனான்.

அதற்குப் பிறகு மரத்தடிக் கூட்டம் மெல்ல நின்றுபோனது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். மற்ற உறுப்பினர்களுக்குத் தீர்மான நோட்டு வீடு தேடிப் போகும், கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். "எல்லாரும் வேலைவெட்டி உள்ளவங்க, அவங்கள எதுக்கு அலைய விடணும்?" என்றார் இவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திருகுகிற இரும்புச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்க ஆரம்பித்தது. தண்ணீர் திறந்து விடுகிறவர் தினமும் வந்து எங்கள் வாசலில் நிற்பார். கோயில் தெருவுக்கு மட்டும் போதும் என்று இவர் சொல்கிற நாளில் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

பேச்சிலும் அது வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் இவர் வாயில் "நம்ம ஊரு" என்றுதான் வரும். இப்போது "நம்ம ஆளுங்க", "அவனுங்க" என்று இரண்டாயிற்று. குழாயில் காற்று வருகிறது என்றவர் அவனுங்க. பம்பைக் கேட்டவன் அவனுங்க. சத்துணவில் புழு கிடந்ததைக் காட்டிய பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அவனுங்க. ஏரிக்கரைத் தெருவில் பாதிப் பேருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. ஆனால் நாள் முழுக்க ஒருவரை நீ எதிர்க்கட்சி, எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஜீப்பில் வந்து இறங்கினார்கள். உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். டீக்கடை இரண்டாயிற்று. அரூர் பஸ்ஸில்கூட முன் சீட்டு ஒரு கூட்டம், பின் சீட்டு ஒரு கூட்டம். ஏரிக்கரைத் தெரு ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் ஏரிப்பக்கம் துணி துவைக்கப் போனால் துவைக்கிற கல்லைக் காலால் தள்ளி விட்டார்கள்.

அண்ணன் மட்டும் எந்தக் கொடியும் கட்டவில்லை. ஆனால் சைக்கிள் என் வாசலில் நிற்பதில்லை. மணியை மட்டும் ஒரு தரம் அடித்துவிட்டுப் போவான். உள்ளேயிருந்து அந்த மணியைக் கேட்டு, சரி, நன்றாக இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன்.

இந்த நிலைமையில் என் மகள் பெரியவளானாள்.

எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் அவளை வீட்டுக்குள் விட மாட்டோம். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து வாசலில் குடிசை கட்ட வேண்டும். சடங்கு நாள் வரைக்கும் அவள் அதில்தான் இருப்பாள். சடங்கன்று மாமன் சீரோடு வந்து மாலை போட்டு, அந்தக் குடிசையைப் பிரித்த பிறகுதான் அவள் வீட்டுக்குள் கால் வைக்கலாம். மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் பகைத்துக்கொள்ளலாம், பெண்ணைப் பெற்றவன் மச்சானோடு பகைத்துக்கொள்ள முடியாது.

அதனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இதைச் சாக்காக வைத்து இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பினேன். குடிசை கட்டுகிற மாமனுக்குப் பெண்ணின் அப்பா வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, துண்டைத் தோளில் போட்டுவிட வேண்டும். அதற்கென்று தருமபுரிக்கே போய்க் கடையில் பிரித்துப் பிரித்துப் பார்த்து, எந்தக் கட்சியின் சாயலும் இல்லாத மெல்லிசுக் கரையில் ஒரு ஜோடி முன்கூட்டியே வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். கடைக்காரர்கூட, "என்னாம்மா, இவ்ளோ நேரம் பட்டுப் புடவைக்குக்கூட யாரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

சொல்லி அனுப்பியதும் அண்ணன் வந்துவிட்டான். வண்டி நிறையத் தென்னம் பச்சை ஓலை. இவரிடம் பேசவில்லை, இவரும் பேசவில்லை. அண்ணன் பாட்டுக்குக் கொம்பு நட்டு, ஓலையைப் பின்னிக் கட்டினான். மருமகள் மறைவாக நின்றிருந்த பக்கம் திரும்பாமலே, "மழ பேஞ்சாலும் ஒழுவாது கண்ணு, மாமன் கட்டுனது" என்றான். அவள் சிரித்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது.

வேலை முடிந்ததும் இவர் தாம்பாளத்தோடு வெளியே வந்தார். வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் வேட்டி துண்டு. நல்ல காரியத்தில் கொடுக்கிற மரியாதையை மறுத்தால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். அண்ணன் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினான். இவர் துண்டை உதறி அவன் தோளில் போட்டார். அப்போதுதான் கரையைப் பார்த்தேன். ஆளும் கட்சிக் கரை. நான் வாங்கியது பீரோவிலேயே கிடந்தது.

கிளைச் செயலாளர் மைக் செட்டுக்காரர் பக்கத்தில் தயாராக நின்றிருந்தார். பாட்டை நிறுத்திவிட்டு, ஏரிக்கரைத் தெருவின் முக்கியப் பிரமுகர் அவர்கள், தலைவர் அவர்களின் கரத்தை வலுப்படுத்த இன்று நம்முடைய கட்சியில் தன்னை இணைத்துக்கொண்டார் என்று அறிவித்தார். குழாய் ஸ்பீக்கர் வேப்பமர உச்சியில் கட்டியிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. போட்டோக்காரர் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார்.

அண்ணன் துண்டை எடுத்து எறியவில்லை. எறிந்திருந்தால் பெண்ணுக்குச் செய்த அவமரியாதை ஆகியிருக்கும். அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, மாட்டைப் பிடித்து வண்டியில் பூட்டி, என்னையும் பார்க்காமல் போனான். ஓலை வெட்டின கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மஞ்சள் வைக்கலாம் என்று எடுத்து வந்த நான் கையில் மஞ்சளோடு நின்றேன்.

"இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று கேட்டதற்கு இவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"என்னா பண்ணிட்டேன்? நல்ல துண்டுதான் போட்டேன். நாங்க ஒண்ணாயிட்டோம்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

ஒன்றாவது என்றால் எல்லோரும் தன் பக்கம் வந்துவிடுவது என்று அவர் மனதாரவே நம்பிக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரைத் தெருவில் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். மச்சானிடம் விலை போய்விட்டான் என்றார்கள். தண்ணீர்த் தொட்டியடியில் அண்ணியின் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். தான் விலைபோகவில்லை என்று அவன் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இத்தனை நாள் எந்தக் கட்சியிலும் இல்லாதவன், இந்தக் கட்சியில் சேரவில்லை என்று காட்டுவதற்காக அந்தக் கட்சிக் கொடியை வாசலில் நட்டான். அதைத் தவிர அவனுக்கு வேறு வழி விடவில்லை.

சடங்கு அழைக்க நானே போனேன். அண்ணன் தாழ்வாரத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"வர்றேன் பாப்பா. ஆனா எங்க கரை வேட்டியோடதான் வருவேன். எனக்கு ஒண்ணும் அதுமேல ஆச இல்ல. நான் இந்தத் தெருவுல குடியிருக்கணும்."

வந்து இவரிடம் சொன்னேன்.

"அந்தக் கரையோட என் வாசப்படி மிதிக்கக் கூடாது. நம்ம ஆளுங்க என்னை என்னான்னு நெனப்பாங்க?"

இரண்டு பேரிடமும் மாறி மாறிக் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள், வெறும் வெள்ளை வேட்டி கட்டுங்கள், குழந்தை வெளியே கிடக்கிறாள் என்றேன். இவர் கிளைச் செயலாளர் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தன் தெருவைப் பார்த்தான். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவரவர் வேட்டிகூட அவரவர் இஷ்டத்தில் இல்லை. ஒரு வெள்ளை வேட்டிக்காக நான் அலைந்த அலைச்சலில் எனக்குக் கால் வீங்கிப்போனது.

சடங்கன்று காலையில், "மாமன் இல்லன்னா என்னா, நம்மகிட்ட ஆளா இல்ல?" என்றார் இவர். கிளைச் செயலாளர் மாமன் ஆனார். கூட்டத்தைக் கூடத்துக்கு மாற்றியது போல, பம்பைக் கிளைச் செயலாளர் வாசலுக்கு மாற்றியது போல, தாய்மாமனையும் மாற்றிவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் தலையாட்டத் தெரிந்தவர்கள் மட்டும். புது மாமன் கரை வேட்டி சரசரக்க வந்து, என் அண்ணன் பின்னிய ஓலையைப் பிய்த்துப் போட்டார்.

மாலை போட்டதும் மாமன் காலில் பெண் விழுந்து கும்பிட வேண்டும். என் மகள் விழவில்லை. விழு என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிட்டே போய், "விழு கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"எங்க மாமா வரட்டும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம்கூட இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது போல ஒரு பார்வை.

"இவளையும் கலச்சுட்டானுங்க" என்றார்.

சொந்த மகளை. வாசல் குடிசையை விட்டு வெளியே போகாமல் கிடந்தவளை, அவனுங்க கலைத்துவிட்டார்களாம். எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் இந்த மனிதரிடம் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை என்று தெரிந்தது. எவ்வளவு அலுப்பாக இருந்தது என்றால், அங்கேயே அந்த ஓலை மேல் படுத்துவிடலாம் போல இருந்தது.

பந்தி முடிந்தது. வெயில் தாழ்ந்ததும், நான் தட்டில் கொஞ்சம் பலகாரம் எடுத்துக்கொண்டு, பட்டுப்பாவாடையும் நகையுமாக இருந்த மகளின் கையைப் பிடித்து நடந்தேன். கோயில் தெரு முழுக்கப் பார்த்தது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். போகிற வழியில், மாமன் வரவில்லை என்றால் மருமகள் போகக் கூடாதா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். இந்த வீட்டில் ஆயிரம் இருக்கட்டும், எங்கண்ணன் எங்கண்ணன்தானே.

ஏரிக்கரைத் தெருவில் காலை வைத்ததும் பேச்சு நின்றது. "தலைவர் சம்சாரம்" என்று யாரோ சொன்னார்கள். நான் பிறந்த தெரு அது. அந்தத் தெருவில் அதுவரை எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை. சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். எதிர்க்கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தான், மாலையும் கையுமாக வரத் தயாராக இருந்து வராமல் போனவன். மருமகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான், அவன் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தான்.

பிறகு மூடிக்கொண்டான். தெருவில் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். வாசல்களில் நின்றவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தான். அதற்கப்புறம்தான், கிட்டே நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "வா பாப்பா" என்றான்.